ஆஞ்சிலிக் கிளைக்கு ஆறு மூட்டை

"வெட்டின கிளை கீழேதான் விழணும்னு யார் சொன்னது? என் கையால வெட்டுப்பட்ட கிளை முதல்ல மேலே போகும். அங்க நின்னு அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்க்கும். நான் 'இறங்கு'ன்னு சொன்ன பிறகுதான் இறங்கும். அதுவும் சத்தமில்லாம."

ஒரு கையில் ரம்பமும் மறு கையில் சாயா கிளாசுமாக நின்றுகொண்டு கமாலுதீன் ராவுத்தர் இதைச் சொன்னது வியாழக்கிழமை காலையில். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சம்பந்தப்பட்ட அந்த ஆஞ்சிலி மரமும் ஒன்று. அது லேசாகத் தலையை ஆட்டியது. சிரிப்பை அடக்குகிறதோ என்று சுல்ஃபத்துக்குத் தோன்றியது.

சுல்ஃபத் ராவுத்தரின் மனைவி. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் ஒரு கணக்குக் கற்று வைத்திருந்தாள். கணவர் சொல்வதை நாலால் வகுத்தால் நடந்தது கிடைக்கும். வல்லார்பாடத்துப் படகில் போகும்போது ஒரு முதலை எகிறி வந்து தன் குடையைக் கவ்விக்கொண்டு போனதாக அவர் சொன்னால், குடை தண்ணீரில் விழுந்தது என்று அர்த்தம். ஆனால் இன்று அவளுக்கே கணக்கு உதைத்தது. கிளை மேலே போகும் என்பதில் கால் பங்கு என்பது எவ்வளவு?

மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு ஏறி நின்ற சஃபியாத்தாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. மட்டாஞ்சேரியில் பாதிப் பேர் ராவுத்தர் சொல்வதை நம்புகிறவர்கள். மீதிப் பேர் நம்பாமல் ரசிக்கிறவர்கள். நம்பவும் மாட்டேன், ரசிக்கவும் மாட்டேன் என்று நிற்கிற ஒரே ஜீவன் சஃபியாத்தா.

"கூரை ஓடுகளை எண்ணி வெச்சுக்கோங்க, சம்பந்தியம்மா" என்றார் ராவுத்தர்.

"எண்ணியாச்சு. நீங்க உங்க எலும்பை எண்ணி வெச்சுக்கோங்க, ராவுத்தரே. சம்பந்தியெல்லாம் நாளைக்கு. இன்னிக்கு நான் வெறும் சஃபியா."

விஷயம் இதுதான். ஆஞ்சிலி, பலாவுக்குத் தம்பி முறை ஆகிற மரம். ராவுத்தர் வீட்டு ஆஞ்சிலி உயரத்தில் அண்ணனை எப்போதோ மிதித்துக்கொண்டு போய்விட்டது. உச்சியில் ஏறி நின்றால் கொழும்பில் யார் வீட்டில் என்ன சமையல் என்று தெரியும் என்பார் அவர். அந்த மரத்தின் தாழ்ந்த கிளை ஒன்று மதிலைத் தாண்டி, சஃபியாத்தாவின் சமையல்கட்டுக்கு மேலே கையை நீட்டிக்கொண்டிருந்தது. கோடையில் சக்கைப் பழத்தைப் போடும். காற்றடித்தால் சுள்ளியைப் போடும். எதைப் போட்டாலும் கீழே ஒரு மங்களூர் ஓடு போகும்.

வெறும் பக்கத்து வீடாக இருந்தவரை அது மதில் சண்டையோடு முடிந்தது. சஃபியாத்தாவின் மகன் முனீருக்கும் ராவுத்தரின் மகள் சகீலாவுக்கும் பேச்சு நடந்து, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு நிச்சயம் என்று முடிவான பிறகுதான் விதி விளையாடியது. போன வாரம் விழுந்த சுள்ளி ஓட்டை உடைத்தது. உடைந்த ஓடு கொதித்துக்கொண்டிருந்த மீன்குழம்பில் குதித்தது.

குழம்பிலிருந்து எடுத்த ஓட்டுத் துண்டைக் கழுவிக்கூடப் பார்க்காமல் கொண்டுவந்து மதில்மேல் வைத்தாள் சஃபியாத்தா.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தக் கிளை போகணும். போகும்போது இனி ஒரு ஓடு உடையக் கூடாது. உடைஞ்சா நிச்சயமும் உடைஞ்சுதுன்னு வெச்சுக்கோங்க."

அந்தத் துண்டு இன்னும் மதில்மேல்தான் இருந்தது. மஞ்சள் கறையோடு. சகீலா அதைப் பார்க்கிறபோதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மரம் வெட்ட ஆளே கிடைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கும்பளங்கியிலிருந்து ஒருவன் வந்தான். அவன் தோளிலிருந்த கயிற்றை இறக்கும் முன்பே ராவுத்தர் ஆரம்பித்துவிட்டார். எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும், ரம்பத்தை இழுக்கும்போது மூச்சை உள்ளே வாங்க வேண்டுமா வெளியே விட வேண்டுமா என்று உச்சி வெயில் வரை பாடம் நடந்தது. அவன் பொறுமையாகக் கேட்டான். "எல்லாம் சேட்டனுக்கே அறியும். பின்னே நான் எதுக்கு?" என்று கயிற்றை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு அடுத்த படகில் போய்விட்டான்.

"நானே வெட்டுறேன்" என்றார் ராவுத்தர். அதை அவர் அவன் வருவதற்கு முன்பே முடிவு செய்திருந்தார் என்பது சுல்ஃபத்தின் சந்தேகம்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் அவரை வீட்டில் காணவில்லை. கோட்டைக் கடற்கரையில் சீன வலைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய வலை, அவ்வளவு நீளமான கழிகள். எல்லாவற்றையும் தூக்குவது பின்னால் கயிற்றில் தொங்குகிற சில கற்கள். கல் இறங்கினால் வலை ஏறும். வலை இறங்கினால் கல் ஏறும். திரும்பி வந்தபோது ராவுத்தரின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. சுல்ஃபத் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கிளையைக் கயிற்றில கட்டுறோம். கயிற்றை மேல் கிளைக் கவட்டையில போட்டு இந்தப் பக்கம் இறக்குறோம். இந்த முனையில கிளையோட அதே கனத்துக்கு ஒரு சுமை. வெட்டினா கிளை விழாது, தொங்கும். ரெண்டும் ஒரே கனம் அல்லே? ஒரு விரலால தள்ளினா மேலே போகும், ஒரு விரலால இழுத்தா கீழே வரும். இன்னொரு கயிறு பிடிச்சு மதிலுக்கு இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா, சஃபியாவோட ஓட்டுக்கு நிழல்தான் படும்."

கேட்டபோது சரியாகத்தான் இருந்தது. அதுதான் சுல்ஃபத்தைப் பயமுறுத்தியது. அவர் சொல்வதில் சரியாக இருப்பது வழக்கமில்லை.

"அப்போ கல்லைக் கட்டலாமே. சீன வலைக்காரங்க கல்லுதானே கட்டுறாங்க?"

"கல்லுக்கு என்ன கனம்னு கல்லுக்கே தெரியாது. மூட்டைக்குத் தெரியும். நான் யாரு? பாண்டிகசாலையில மிளகு எடை போட்டவன். கண்ணால பார்த்தே சொல்லுவேன். இந்தக் கிளை முந்நூறு ராத்தல். ஒரு ராத்தல் கூடக் கிடையாது, குறையக் கிடையாது."

இது மட்டும் பொய்யில்லை. எடை விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதை சுல்ஃபத் வகுப்பதில்லை. ராத்தலில் அவர் கண் தவறியதே இல்லை. சர்க்கார் ராத்தலை எடுத்துவிட்டுக் கிலோவைக் கொண்டுவந்தபோது, "எனக்கு அறிமுகமில்லாத எடையை நான் தூக்குறதில்ல" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, தராசைத் துடைத்து வைத்து, அன்றைக்கே ஓய்வு பெற்று வந்துவிட்டார். அதிலிருந்து வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. சகீலா கடையில் அரைக் கிலோ சர்க்கரை வாங்கி வந்தாலும் அத்தாவிடம், "ஒரு ராத்தலும் ஒரு சிட்டிகையும்" என்பாள்.

வீட்டை ஒட்டிய சாய்ப்பில் ஆறு மூட்டை கல்லுப்பு அடுக்கியிருந்தது. புத்தம் புதுச் சாக்கு. ஒவ்வொன்றிலும் நீல மையில் பெரிதாக ஐம்பது என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே பொடியாக ஏதோ இருந்தது. ராவுத்தர் பொடி எழுத்துகளைப் படிக்கிற ஆள் இல்லை.

"ஆறு அம்பது முந்நூறு" என்றார். "படைச்சவன் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கான். உன் ஊறுகாய் உப்பு ஒரு நாளைக்கு எனக்கு வேணும்."

அது ஊறுகாய் உப்பு இல்லை. அது முனீரின் உப்பு. கப்பல் கம்பெனி ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிற மகன் என்று சஃபியாத்தா தெருவெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருக்க, அந்த மகன் அவளுக்குத் தெரியாமல் கருவாட்டு வியாபாரத்தில் இறங்கியிருந்தான். கருவாட்டு வாடை காற்றில் வந்தாலே மூன்று தெரு தள்ளி ஜன்னலைச் சாத்துகிறவள் அவள். நிச்சயம் முடிந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று உப்பை வருங்கால மாமியாரின் சாய்ப்பில் ஒளித்து வைத்திருந்தான். சுல்ஃபத்துக்கும் சகீலாவுக்கும் தெரியும். ராவுத்தரிடம் ஊறுகாய்க்கு என்று சொல்லியிருந்தார்கள். ஆறு மூட்டை உப்புக்கு எத்தனை தோப்பு மாங்காய் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பெரிய அளவுகள் அவரைத் தொந்தரவு செய்வதில்லை.

ஆக, இன்று காலை அந்த மூட்டைகளைத் தூக்க வந்தவன் முனீர். ஆபீசுக்கு லீவு.

துவைகல்லின் மேல் ஒரு பெஞ்சைப் போட்டு, அதன்மேல் மூட்டைகளை அடுக்க வேண்டும். முதல் மூட்டையை முதுகில் ஏற்றியதும் முனீரின் முழங்கால்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.

"மாமா, இது... கனம் கொஞ்சம்... இது அந்த அம்பது இல்ல மாமா. இது வந்து..."

மதில்மேல் அவன் தாயின் தலை திரும்பியது. "உனக்கெப்படிடா தெரியும் அது எந்த அம்பதுன்னு?"

முனீர் குனிந்து மூட்டையைச் சரிசெய்துகொண்டான்.

"கல்யாணத்துக்கு நிக்கிற பையன்" என்றார் ராவுத்தர், மதிலைப் பார்த்து. "அம்பது ராத்தலுக்கு இப்படி மூச்சு வாங்குறானே, சம்பந்தியம்மா. பால் கீல் ஒண்ணும் கொடுக்கிறதில்லையா?"

சஃபியாத்தாவின் முகம் சிவந்தது. "தூக்குடா" என்றாள் மகனிடம்.

முனீர் தூக்கினான். ஆறையும் தூக்கினான். கடைசி மூட்டை பெஞ்சுக்குப் போனபோது அவன் உயரம் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது என்று சகீலா பிறகு சொன்னாள். அத்தாவின் மகள்.

பெஞ்சு ஒரு முனகலோடு நின்றது. ராவுத்தர் மூட்டைகளைச் சேர்த்துத் தாம்புக்கயிற்றால் வரிந்து கட்டினார். முடிச்சுகளில் அவருக்கு நிகர் அவர்தான். பாண்டிகசாலை முடிச்சு. போட்டவரைத் தவிர வேறு யாராலும் அவிழ்க்க முடியாது.

பிறகு "பிஸ்மில்லா" சொல்லி மூங்கில் ஏணியில் ஏறினார்.

ஏறினதும், சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும், மனிதர் பொறுப்பாகத்தான் வேலை செய்தார். முதலில் தன் இடுப்பை அடிமரத்தோடு கட்டிக்கொண்டார். மூட்டைக் கயிற்றின் மறுமுனையை மேல் கவட்டை வழியாகக் கொண்டுவந்து கிளையில் இறுக்கினார். "கோழியை விரட்டு. கீழே ஈ எறும்பு நிக்கக் கூடாது" என்று கத்தினார். வேலியோரம் அடைகாத்த கோழி மட்டும் கூடையை விட்டு எழுந்திருக்க மறுத்தது. கிளையின் கீழ்ப் பக்கம் முதலில் மூன்று விரல் ஆழம் அறுத்தார்.

"இது எதுக்கு அத்தா?" என்று கேட்டாள் சகீலா.

"கீழ்வாய் போடாம மேலேயிருந்து மட்டும் அறுத்தா, கிளை முறியும்போது அடிமரத்துப் பட்டையை உரிச்சுக்கிட்டே இறங்கும். பட்டையோட சேர்ந்து உன் அத்தாவும் இறங்குவேன்."

பிறகு மேலேயிருந்து அறுத்தார். அறுத்துக்கொண்டே பேசினார். பேசும்போது ரம்பம் நின்றது. இளமையில் நிலம்பூர்க் காட்டில் ஒரு யானையே தன்னிடம் மரம் தள்ளும் யோசனை கேட்ட கதையைச் சொல்லி முடிக்க வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சகீலா ஒரு கயிற்றில் சாயாவைக் கட்டி மேலே அனுப்பினாள். துலா மாசத்து மழைப் பிற்பகல் எப்படிப்பட்டது என்று கொச்சியில் தெரியாதவர்கள் யாருமில்லை. கிழக்கே எர்ணாகுளத்துப் பக்கம் கருப்பாக ஒன்று எழுந்துகொண்டிருந்தது.

"என்னங்க, மழை வருது. கதையை இறங்கி வந்து சொல்லுங்க" என்றாள் சுல்ஃபத்.

"இதோ ஆச்சு."

டக் என்று ஒரு சத்தம். கிளை அடிமரத்தை விட்டுப் பிரிந்தது.

சஃபியாத்தா நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டாள். சுல்ஃபத்தும் சகீலாவும் திருப்புக் கயிற்றை இறுகப் பிடித்தார்கள். கிளை விழவில்லை. அவ்வளவு பெரிய ஆஞ்சிலிக் கிளை, சமையல்கட்டு ஓட்டுக்கு மேலே, தொட்டில்போல அந்தரத்தில் தொங்கியது.

ராவுத்தர் மேலேயிருந்து கையை விரித்தார். "பார்த்தீங்களா?"

"தொங்குது. அவ்வளவுதானே. இறங்கட்டும் பார்ப்போம்" என்றாள் சஃபியாத்தா, ஒரு கண்ணை மட்டும் திறந்து.

"முனீர், பெஞ்சை இழு."

முனீர் பெஞ்சைப் பார்த்தான். சகீலாவைப் பார்த்தான். தாயைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாய் திறந்தான். பிறகு, உயிர் போகிறவன் கலிமா சொல்வதுபோல உதட்டை அசைத்துக்கொண்டு பெஞ்சை இழுத்தான்.

ஆறு மூட்டையும் ஒன்றாகத் தரையில் இறங்கின. தரை அதிர்ந்து, சமையல்கட்டில் அடுக்கியிருந்த பாத்திரங்கள் ஒருமுறை சலாம் போட்டன. துவைகல்லுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே மூட்டைகள் ஆப்பு வைத்ததுபோல உட்கார்ந்துகொண்டன.

கிளை மேலே போனது.

விர்ரென்று, ஒரு ஆள் உயரம். போகிற போக்கில் சாய்த்து வைத்திருந்த மூங்கில் ஏணியை ஒரு கொப்பில் மாட்டிக்கொண்டு, அதையும் தூக்கிக்கொண்டு போனது. அங்கே போய் நின்று மெதுவாகச் சுழன்றது. அக்கம்பக்கம் பார்ப்பதுபோலத்தான் இருந்தது.

ராவுத்தர் ரம்பத்தையும் கிளையையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்லியே பழகியவருக்கு, சொன்னது நடந்துவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

முனீர் சுல்ஃபத்தின் காதருகே வந்தான். "கிலோ, மாமி" என்றான் கிசுகிசுப்பாக. "அம்பது கிலோ. ராத்தல்ல பார்த்தா ரெண்டு பங்குக்கும் மேல."

"இதைக் காலையில சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

"உம்மா கேட்டுக்கிட்டு இருந்தாங்களே."

அப்போது முதல் காற்று வந்தது. ஈரக் காற்று. கிளை ஊஞ்சலாடியது. கயிறு கவட்டையில் உரசி, கிறீச் என்றது. தென்னைநாரிலிருந்து ஒரு இழை பிரிந்து காற்றில் பறந்து போனதை சுல்ஃபத் பார்த்தாள். பெரிய காற்று வந்தால் ஒன்று கயிறு அறும், இல்லை கிளை போய் ஓட்டில் மோதும். எப்படியானாலும் உடைவது ஒரு ஓடாக இருக்காது. கூரையே போகும். கூரையோடு நாளைய வெள்ளிக்கிழமையும் போகும்.

சகீலா கயிற்றை விடாமல் பிடித்திருந்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. அவள் மதில்மேல் இருந்த ஓட்டுத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை திரும்பிக்கொள்ளவில்லை.

"முடிச்சை அவிழ்த்து ஒரு மூட்டையை எடுத்துடலாமா?" என்றான் முனீர்.

"அது உன் மாமா போட்ட முடிச்சு" என்றாள் சுல்ஃபத். முடிச்சுக்காரர் ஏணியில்லாமல் மரத்தில் இருந்தார்.

முனீர் அரிவாளை எடுத்தான்.

"கத்தியை வெக்காதே" என்று மேலேயிருந்து குரல் வந்தது. அதில் கதை இல்லை, பயம் இருந்தது. "சாக்கு கிழிஞ்சா உப்பு ஒரேயடியா கொட்டும். ஒரேயடியா கொட்டினா கிளை ஒரேயடியா வரும்."

முதல் துளி சுல்ஃபத்தின் நெற்றியில் விழுந்தது. பிறகு ஓட்டின்மேல் சடசடவென்று. சகீலா கயிற்றைத் தாழ்வாரத்துத் தூணில் சுற்றிவிட்டு, ஓடிப்போய்ப் பாயை எடுத்து வந்து மூட்டைகளின்மேல் போர்த்தினாள். உப்பு நனையக் கூடாது என்பது சிறு வயதிலிருந்தே வந்த பழக்கம்.

சுல்ஃபத் அந்தப் பாயைப் பார்த்தாள். தாழ்வாரத்து ஓரமாக ஓடிய தகரப் பாத்தியைப் பார்த்தாள். கூரைத் தண்ணீரெல்லாம் அதில் சேர்ந்து, மூலையில் அண்டாவுக்குள் கொட்ட ஆரம்பித்திருந்தது. எத்தனை ஆயிரம் குழம்புக்கு உப்புப் போட்ட கை அவளுடையது. கல்லுப்பு எப்படிப் போகும் என்று அந்தக் கைக்குத் தெரியும். கத்தி வைத்தால் கொட்டும். தண்ணீர் வைத்தால் கரையும். பைய, பையக் கரையும்.

அவள் பாயை உருவி எறிந்தாள்.

"உம்மா" என்றாள் சகீலா.

சுல்ஃபத் முனீரைப் பார்த்தாள். அவன் உப்பு. அவன் சொல்ல வேண்டும்.

முனீர் மூட்டைகளைப் பார்த்தான். அதில் அவன் ஒரு வருஷத்துக் கனவு அடுக்கியிருந்தது. பிறகு சகீலாவின் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தான். ஒரே தாவலில் பெஞ்சின்மேல் ஏறி, பாத்தியின் தகர வாயை இரண்டு கையாலும் பிடித்து, அண்டாவை விட்டு மூட்டைகளின் பக்கம் திருப்பினான்.

துலாவர்ஷம் கொட்டியது. சும்மா இல்லை, அரபிக்கடலைக் குடத்தில் மொண்டு ஊற்றுவதுபோலக் கொட்டியது. பாத்தித் தண்ணீர் மூட்டைகளின் உச்சியில் விழுந்து, அடியில் வெள்ளையாக வழிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சாக்குகள் கன்னம் ஒட்டிப்போயின. பிறகு, தரையில் உட்கார்ந்திருந்த மூட்டைக் கட்டு லேசாக நிமிர்ந்தது.

மேலே, நனைந்து கனத்த கிளை ஒரு சாண் இறங்கியது.

"இறங்குது" என்றாள் சகீலா.

"கயிற்றை இழு. இந்தப் பக்கம். மெதுவா" என்றாள் சுல்ஃபத்.

கிளை மதிலை நோக்கி நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்து, அதை மறுபடி ஓட்டுப் பக்கம் தள்ளியது. "பாத்தியைத் திருப்பு" என்றாள். முனீர் திருப்பினான். கிளை அப்படியே நின்றது. காற்று போகும்வரை நின்றது. "இப்போ விடு." முனீர் விட்டான். கிளை இறங்கியது.

மேலே இருந்தவருக்கு இதற்குள் தெம்பு வந்துவிட்டது. பாத்தி திரும்புகிறபோது, "நில்லு" என்றார். மறுபடி திரும்புகிறபோது, "இறங்கு" என்றார். முக்கால்வாசி நேரம் அவர் சொல்வதற்கு முன்பே அது நடந்தது. ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்ற சஃபியாத்தாவுக்குப் பாத்தி தெரியாது. தாழ்வாரம் மறைத்தது. அவளுக்குத் தெரிந்தது மரத்தில் ஒரு ராவுத்தர், வானத்தில் ஒரு கிளை. அவர் நில் என்றால் நின்றது. இறங்கு என்றால் இறங்கியது.

கிளை இறங்க இறங்க மூட்டைகள் ஏறின. தாழ்வாரத்தைத் தாண்டிய பிறகு பாத்திக்கு வேலையில்லை, மழையே பார்த்துக்கொண்டது. இளைத்துப்போன ஆறு சாக்குகளும் சொட்டிக்கொண்டே உயர்ந்து, மரத்தில் கட்டுண்டிருந்த ராவுத்தரின் மூக்குக்கு நேரே வந்தன. அவர் உற்றுப் பார்த்தார். ஐம்பதுக்குக் கீழே இருந்த பொடி எழுத்துகளை, வாழ்க்கையில் முதல் முறையாகப் படித்தார்.

அவர் வாய் திறந்ததை சுல்ஃபத் கீழேயிருந்து பார்த்தாள். திறந்த வாய் அப்படியே மூடியதையும் பார்த்தாள். பிறகு ராவுத்தர் ஒரு விரலால் மூட்டைக் கட்டைத் தள்ளி, எழுத்து மரத்தைப் பார்க்கிறபடி மெதுவாகத் திருப்பி வைத்தார்.

மழை ஓய்ந்தபோது அஸர் தொழுகைக்கு அழைப்பு கேட்டது. ஆஞ்சிலிக் கிளை ராவுத்தர் வீட்டு முற்றத்தில், வேலியோரக் கூடையைச் சுற்றி இலைகளைப் பரப்பிக்கொண்டு படுத்திருந்தது. கூடையிலிருந்த கோழி தலையை நீட்டி ஒரு இலையைக் கொத்திப் பார்த்தது. அடையை விட்டு எழுந்திருக்கவில்லை.

சஃபியாத்தா கூரையைச் சுற்றி வந்தாள். ஒரு முறை இல்லை. தன் வீட்டு ஏணியை வைத்து ஏறியும் பார்த்தாள். பிறகு வாசல் வழியாக இந்த வீட்டு முற்றத்துக்கு வந்தாள். அவள் இந்தப் பக்கம் வந்து எத்தனையோ காலம் ஆகிறது. துவைகல்லுக்குப் பக்கத்தில் தேங்கி நின்ற வெள்ளைத் தண்ணீரில் ஒரு விரலை வைத்து, நாக்கில் தொட்டாள்.

"சுல்ஃபத்து."

"என்ன, சஃபியாத்தா?"

"ஊறுகாய்க்கு ஆறு மூட்டை உப்பா?"

சுல்ஃபத் கிளையைப் பார்த்தாள். சகீலா தன் கையைப் பார்த்தாள். முனீர் கொப்பில் மாட்டியிருந்த ஏணியைத் திடீரென்று மிகுந்த அக்கறையோடு எடுக்கப் போனான். அவன் சட்டை முதுகில் உப்பு பூத்திருந்தது. அதன்மேல் நீல மையில் ஒரு ஐம்பது தலைகீழாகப் பதிந்திருந்தது. சஃபியாத்தா அந்த முதுகை ஏணி வரைக்கும் பார்த்தாள். ஏணியிலிருந்து திரும்பி வருகிற வரைக்கும் பார்த்தாள்.

"சரி" என்றாள். "நாளைக்கு நிச்சயம் முடியட்டும். பிறகு இந்த உப்பு யாரோடதுன்னு எனக்கு ஒருத்தர் சொல்லணும். யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

"கீழே என்ன பேச்சு?" மேலேயிருந்து குரல் வந்தது. முனீர் ஏணியைச் சாய்த்திருந்தான். ராவுத்தர் இறங்கவில்லை. "மேலே போகும்னேன், போச்சா? நிக்கும்னேன், நின்னுச்சா? இறங்குன்னேன், இறங்குச்சா? சம்பந்தியம்மா தன் வாயால ஒத்துக்காம நான் இறங்குறதில்ல. இன்னிக்கு ராத்திரி முழுக்க இங்கயே இருப்பேன்."

"இருக்கட்டும், விடுங்க" என்றாள் சுல்ஃபத். "சாப்பாடு கயிற்றில அனுப்பிக்கலாம்."

சஃபியாத்தா மதிலண்டை போனாள். மஞ்சள் கறை படிந்த ஓட்டுத் துண்டை எடுத்து, ஒருமுறை திருப்பிப் பார்த்து, தூரத் தென்னைக்குழியில் எறிந்தாள். பிறகு தலையிலிருந்த ஈர முந்தானையைச் சரிசெய்துகொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தாள். அவள் குரல் சின்னதாக இருந்தது. பல்லுக்கு நடுவே ஏதோ மாட்டிக்கொண்டதைப்போல வந்தது.

"போச்சு. நின்னுச்சு. நீங்க சொன்னப்போதான் இறங்குச்சு. என் கண்ணால பார்த்தேன். நடந்ததுதான். இறங்கி வாங்க, சம்பந்தி."